தூங்காத வண்டி

“இங்க வேலை தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?”

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். அப்போது என் கையில் ஸ்பேனர் இருந்தது. முழங்கை வரை கரி. நான் நின்றது ஒரு பட்டறையின் நடுவில், கழற்றிப் போட்ட கார்பரேட்டருக்கு முன்னால். வேலை தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ள ஒருத்தி இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும், நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டுமா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. உள்ளே கையைக் காட்டினேன்.

உள்ளேயிருந்து அத்தான் வந்தார். என் அக்காவின் கணவர், பட்டறை அவருடையது. கேள்வி கேட்டவர் பல் டாக்டர். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குத் தலைவர். அவருடைய பச்சைக் கார் வாசலில் நின்று, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறவர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் பானட்டைத் திறந்து, நாடி பார்க்கிற வைத்தியர்போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் பின்னால் போய், “மூணாவது பிளக்,” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“மூணாவது பிளக் சார்!” என்றார் அத்தான், தெருவுக்கே கேட்கும்படி.

கழற்றிப் பார்த்தால் பிளக் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. டாக்டர் அசந்துபோனார். அன்றைக்கே அத்தானைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் செயலாளரும் ஆக்கிவிட்டார்.

அன்று தொடங்கிய ஏற்பாடு இது. என் காது, அத்தானின் வாய். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னார்கள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, வகுப்பு சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான். அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாடியில் வீடு, கீழே பட்டறை. அக்கா எனக்கு வைத்த பெயர் ஊமச்சி.

பள்ளி நோட்டுகளில் மீதியிருந்த தாள்களில், வண்டிக்கு ஒரு பக்கமாக எழுத ஆரம்பித்தேன். வால்வு இடைவெளி எவ்வளவு, பிளக் தீப்பொறி விடும் டைமிங் எவ்வளவு, எது குளிரில் முரண்டு பிடிக்கும், எது மேட்டில் மூச்சு வாங்கும், யார் பெட்ரோல் மூடியைத் தொலைத்துவிட்டுத் துணியைச் சொருகி ஓட்டுகிறார் என்பது வரை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் அத்தான் வேலை செய்வார். யாராவது உள்ளே வந்தால் மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார். எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை. அவர் பேசுகிறார், அதனால் நான் பேச வேண்டியதில்லை. நியாயமான பங்குதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மடச்சி.

இந்த வருஷம் டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. சங்கத்து வண்டிகளை ஒரே இடத்தில் கூட்டி, எஞ்சினை ட்யூன் செய்வது எப்படி என்று எல்லாருக்கும் செய்து காட்டுவது. ஒரு முழு நாள்.

“அவங்கவங்க வண்டிய அவங்கவங்க கையால சரி பண்ணத் தெரியணும். எதுக்கெடுத்தாலும் செயலாளரைத் தேடி ஓடக் கூடாது. ஆனா ஒண்ணு, அவர் காது யாருக்கும் வராது,” என்றார் டாக்டர், பட்டறையில் நடந்த கூட்டத்தில்.

அத்தான் அடக்கமாகச் சிரித்தார். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து வாஷர்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மூன்று வாரம் தலைக்கு மேல் வேலை. எல்லாம் என் தலைக்கு மேல். மூடிக் கிடந்த ஒரு மரச்சாமான் கடையின் கிடங்கைப் பிடித்தோம். இரண்டு பக்கமும் அகலக் கதவு, புகை நிற்காது. இருபத்திரண்டு வண்டிக்கும் தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டேன். எண்ணெய் ஒழுகும் வண்டிகள் ஏழு. அவற்றைக் கதவோரம் நிறுத்தி அடியில் அட்டை விரிக்க வேண்டும். தீயணைக்கும் உருளை நான்கு. யாரிடம் டைமிங் லைட் இருக்கிறது, யாரிடம் இரவல் கேட்டால் திருப்பி வாங்குவதற்குள் தாடி நரைக்கும், எல்லாம் பட்டியல் போட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தட்டச்சு செய்து, கீழே ‘செயலாளர்’ என்று போட்டு அனுப்பினேன்.

அந்தத் தாளில் முதல் வரி இதுதான்: வால்வு சரிபார்க்க வேண்டிய வண்டிகள் முந்தின நாள் மாலையே வந்து கிடங்கில் தூங்க வேண்டும். காலையில் யாரும் சாவியைத் தொடக் கூடாது.

தூங்குவது என்பது எங்கள் பேச்சு. எஞ்சினுக்குள் வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். இரும்பு சூடானால் நீளும், அந்த இடைவெளி மாறும். நோட்டில் நான் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சினுக்கு உரியவை. ஓட்டிக்கொண்டு வந்த கையோடு அந்த எண்ணை வைத்துத் திருகினால், பட்டினி கிடக்கிறவனுக்குக் கல்யாண நாள் இடுப்பளவை வைத்துச் சட்டை தைத்த கதைதான்.

இத்தனை வேலைக்கும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அத்தான், அன்னிக்கு ஒரு வண்டிய நான் பண்றேன். எல்லார் முன்னாலயும். நானே.”

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. “நீயா? கதவ யாராவது தட்டினாலே கட்டிலுக்கு அடியில போறவ நீ. அங்க நாப்பது பேர் நிப்பாங்கடி.”

“பேச மாட்டேன். கையால பண்றேன். அத்தான் மைக்ல சொல்லட்டும்.”

“மயக்கம் போட்டு எஞ்சினுக்குள்ள விழுந்தா?”

“விழுந்தா மூடி போட்டு மூடிடலாம்,” என்றார் அத்தான். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். “சரி பாப்பா. நர்ஸம்மா வண்டி உனக்கு. காலையில முதல் வண்டி அதுதான். இன்னாரு பண்றான்னு உன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். போதுமா?”

“சத்தியமா?”

“சத்தியமா.”

நர்ஸம்மா சங்கத்தில் ஒருவர். அவர் வண்டி வெள்ளை நிறம், எட்டு வால்வு, சாதுவான எஞ்சின். அன்று முதல் தினமும் படுக்கையில் கிடந்தபடி அந்த எட்டு வால்வையும் மனத்துக்குள் சரி செய்தேன். கனவில்கூடக் கை நடுங்கவில்லை.

நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது. எழுதிக் கொடுத்தது நான். ‘வால்வு செயல்முறை விளக்கம்’ என்பதற்கு எதிரே என் பெயரை எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது காது சுட்டது. அச்சில் அந்த இடத்தில் அத்தானின் பெயர் இருந்தது.

“அச்சுப் பிழை,” என்றார்.

“ஒரு பேர் முழுசா இன்னொரு பேரா மாறுற பிழையா?”

“ஏன் பாப்பா இப்படிக் குடையற? தாள்ல யார் பேர் இருந்தா என்ன? வண்டியில உன் கைதானே இருக்கப் போகுது.”

நான் நிரல் தாள்களை எண்ணிக் கட்டி வைத்தேன். குட்டக் குட்டக் குனிகிறவளைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. அது எனக்கு அன்றே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

முந்தின நாள் மாலை வண்டிகள் வந்து சேர்ந்தன. பேக்கரிக்காரர் தன் மஞ்சள் வண்டிக்குப் போர்வை போர்த்தி, “கண்ணு, நல்லாத் தூங்கு. பக்கத்து வண்டி குறட்டை விட்டா அப்பாவுக்கு ஒரு போன் போடு,” என்றார். நர்ஸம்மா வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைக் கைப்பையின் அடியில் போட்டு ஜிப்பை இழுத்தார். “தாள்ல தொடாதேன்னு போட்டிருக்கு. நான் மருந்துச் சீட்டப் படிக்கிற மாதிரிப் படிச்சேன்,” என்று என்னிடம்தான் சொன்னார். அத்தானிடம் சொல்லவில்லை. தாளை எழுதியது யார் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பச்சைக் கார் மட்டும் வரவில்லை.

அது காலை ஒன்பது மணிக்கு வந்தது. நாற்பது நிமிஷத் தூரத்தை விரட்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பானட்டின் மேல் காற்று நெளிந்தது. டாக்டர் இறங்கி, நான் கட்டங்களுக்கு நடுவே காலியாக விட்டிருந்த இடத்தில் வண்டியைக் குறுக்கே நிறுத்தச் சொல்லிச் சாவியை அத்தானிடம் தூக்கிப் போட்டார்.

“முதல்ல நம்ம வண்டி. தலைவர் வண்டியில ஆரம்பிச்சா ஒரு கம்பீரம் இருக்குமில்ல?”

“தாராளமா சார்,” என்றார் அத்தான்.

நான் அத்தானின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். “சூடா இருக்கு அத்தான். இன்னிக்குத் தொடக் கூடாது. நர்ஸம்மா வண்டி ரெடியா இருக்கு.”

“தெரியும், தெரியும்.”

“தெரிஞ்சா சொல்லுங்க அவர்கிட்ட.”

“தலைவர்கிட்ட போயி உங்க வண்டி தூங்கல, நீங்க வரிசையில நில்லுங்கன்னு சொல்லணுமா? விளையாடறியா?” குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கு மட்டும் விட்டுக்குடு பாப்பா. டாக்டர் வண்டிய நீ தொட்டா அவர் ஒரு மாதிரி நினைப்பார். நான் பண்ணிடறேன். நோட்டைக் குடு.”

“நோட்டா?”

“அவர் வண்டிப் பக்கம் வேணுமில்ல?”

நான் கொடுக்கவில்லை. அவரே என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிடுங்கினார் என்று எழுதினால் மிகை. குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவோமே, அப்படி. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

“அக்கா தனியா டீ ஊத்திட்டிருக்கா பாரு. போய் கொஞ்சம் கப் எடுத்துக் குடு.”

மூன்று வாரம் கட்டம் போட்டவள், அந்தக் கட்டங்களுக்கு நடுவே தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நாற்பது பேருக்கும் நான்தான் கப் நீட்டினேன். “சர்க்கரை கம்மி பாப்பா,” என்றார் ஒருவர். அவர் வண்டி ஏன் மழையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் எனக்கு எப்படித் தெரியும்?

மைக்கில் அத்தானின் குரல் கணீரென்று கேட்டது. “நண்பர்களே! வால்வு சொல்றதக் கேக்கணும். காது குடுக்கணும்.” இந்த வாக்கியம் என் நோட்டில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. எழுவாய் பயனிலைகூட மாற்றவில்லை.

மூடியைக் கழற்றினார். எண்ணெயிலிருந்து ஆவி எழுந்தது. ஃபீலர் கேஜை விரித்தார்; பிளேடுபோல மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றிலும் அதன் பருமன் எழுதியிருக்கும். நோட்டைப் பார்த்து முப்பது என்ற தகட்டை எடுத்தார். ஒரு வால்வைத் திருகுவார், நிமிர்ந்து ஒரு கதை சொல்வார், டாக்டர் சிரிப்பார், அடுத்த வால்வுக்குப் போவார். எட்டையும் முடிக்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் எஞ்சின் ஆறிக்கொண்டே இருந்தது. அதாவது முதல் வால்வை ஒரு சூட்டில் வைத்தார், நாலாவதை வேறு சூட்டில், எட்டாவதை வேறு சூட்டில். தப்பைக்கூட ஒரே மாதிரி செய்யவில்லை. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வண்டியைக் கிளப்பினார். இன்னும் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்ததால் ஒழுங்காகத்தான் ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டர் அத்தானின் தோளில் தட்டி, “காதா இது, வரமய்யா!” என்றார்.

நர்ஸம்மா என்னிடம் வந்தார். “என் வண்டி முதல்லன்னு சொன்னாங்களே?”

“அப்புறமா பண்ணுவாங்கம்மா.”

“பண்ணுவாங்கன்னா? நீதான் பண்ணப் போறேன்னு உங்க அக்கா சொன்னாங்களே?”

நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “நான் இன்னும் சாவியத் தொடல,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு டைமிங் பற்றிப் பேச்சு, கார்பரேட்டர் பற்றிப் பேச்சு, டாக்டர் தலைவர் ஆனது பற்றி டாக்டர் பேச்சு. சாப்பாடு. குழுப் படம், அதில் நான் இல்லை, படம் எடுத்தது நான். மணி மூன்றரை ஆகிவிட்டது.

“செயலாளர் கைபட்ட வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டறேன்,” என்று டாக்டர் பச்சைக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

டக டக டகவென்று ஒரு சத்தம் கிளம்பியது. எட்டுத் தட்டச்சு இயந்திரங்களை எட்டுக் கோபக்காரர்களிடம் கொடுத்து உட்காரவைத்த மாதிரி. கிடங்கின் தகரக் கூரை அதை இரண்டாக்கித் திருப்பிக் கொடுத்தது. எல்லாரும் திரும்பினார்கள். டாக்டர் எஞ்சினை நிறுத்தினார். முகம் வெளிறியிருந்தது.

“என்னய்யா இது? வரும்போது நல்லாத்தானே இருந்துச்சு?”

பேக்கரிக்காரர், “சார், வண்டிக்குப் பல்லு கிடுகிடுங்குது. உங்க டிபார்ட்மென்ட்தான்,” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அத்தானைப் பார்த்தார். நாற்பது பேரும் அத்தானைப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் அத்தான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ‘சூடா இருக்கும்போது பண்ணிட்டேன், என் தப்பு.’ அதைச் சொல்வதற்கு ஒரு மூச்சுகூட ஆகாது. யாரும் அவரைத் தின்றுவிடப் போவதில்லை. ஆனால் அவர் மைக்கை எடுத்தார். என் நோட்டையும் எடுத்தார்.

“நண்பர்களே, மன்னிக்கணும். நம்பர்ல தப்பு நடந்திருக்கு. இந்தக் குறிப்பெல்லாம் எழுதினது எங்க வீட்டுப் பொண்ணு. பத்தாவதுகூடத் தாண்டல. ஆர்வத்துல எதையோ எழுதி வெச்சிருக்கு. வீட்டுப் புள்ளையாச்சேன்னு நான் நம்பிட்டேன். என் தப்புதான், சரிபார்த்திருக்கணும்.”

ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றார்.

மூன்று வருஷமாக நான் எழுதியது என்று ஒரு ஈ காக்கைக்கும் சொல்லாத நோட்டு. மேஜைக்குள் தள்ளி மறைத்த நோட்டு. அது என்னுடையது என்று முதல்முதலாக ஊருக்குச் சொல்கிறார், எப்போது தெரியுமா? தப்பு என்று சொல்ல வேண்டிய நாளில். சரியாக இருந்தவரைக்கும் அவர் காது. பிசகியதும் என் கை.

“விடு பாப்பா, பரவாயில்ல. சின்னப் பொண்ணு,” என்று டாக்டர் என்னைப் பார்த்துப் பெருந்தன்மையாகக் கையசைத்தார்.

அந்தப் பரவாயில்லைதான் என்னைக் கிளப்பியது. தட்டை ஒரு வண்டியின் பானட்டின் மேல் வைத்தேன். நடந்தேன். கால் நடுங்கியது, அது உண்மை. ஆனால் வெட்கத்துக்கு நடுங்குகிற கால் வேறு, கோபத்துக்கு நடுங்குகிற கால் வேறு. இது முன்னால் போகும். அத்தானின் கையிலிருந்து நோட்டை எடுத்தேன். இந்த முறை பிடுங்கினேன் என்றே எழுதலாம். நேராக நர்ஸம்மாவிடம் போய் நீட்டினேன்.

“அம்மா, பச்சைக் கார் பக்கம். சத்தமாப் படிங்க.”

நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வார்டில் படுக்கை எண் கூப்பிடுகிற குரல் அவருக்கு, மைக் தேவைப்படவில்லை. “எட்டு வால்வும் முப்பது. குளிர்ந்த எஞ்சினில் மட்டும். ராத்திரி முழுக்க நின்ற பிறகு. ஓட்டி வந்த வண்டியைத் தொடவே கூடாது. இந்த வண்டிக்குச் சூட்டில் இடைவெளி குறையும். சூட்டில் வைத்தால் ஆறியதும் தட்டும்.” நிறுத்தினார். “தொடவே கூடாதுங்கிறதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருக்கு. சிவப்பு மையில.”

பேக்கரிக்காரர் சட்டைப்பையிலிருந்து தன் தாளை எடுத்து விரித்தார்.

“இதே விஷயம் எல்லாருக்கும் வந்த தாள்லயும் முதல் வரியில இருந்துச்சே,” என்றார் பேக்கரிக்காரர், இந்த முறை சிரிக்காமல். “என் வண்டிய நான் போர்வை போத்தித் தூங்க வெச்சேன் சார்.”

டாக்டர் தொண்டையைச் செருமினார். “சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. நீயே இப்பச் சரி பண்ணிக் குடு பாப்பா. எனக்கு ஆறு மணிக்கு ஒரு பேஷன்ட்.”

“முடியாது,” என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணீங்க. மறுபடி சூடு. வண்டிய விட்டுட்டுப் போங்க, நாளைக்குக் காலையில பண்றேன். இல்ல, இப்படியே ஓட்டிட்டுப் போறதுன்னாலும் போங்க. உடனே ஒண்ணும் ஆயிடாது. ஊருக்குக் கேக்கும், அவ்வளவுதான்.”

அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “ஏய், என்னடி இது? வீட்டு விஷயத்த வெளியில வெச்சுப் பேசலாமா?”

“மைக்ல பேசினது நானா அக்கா?”

அக்கா என் கையை விட்டாள். விட்ட கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டினாள்.

நான் நர்ஸம்மாவின் வெள்ளை வண்டிக்குப் போனேன். மூடியைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் சில்லென்று இருந்தது. காலையிலிருந்து காத்திருந்த எஞ்சின். பெரும்பாலானவர்கள் பச்சைக் காரைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் என் பின்னால் வந்தார்கள். பேக்கரிக்காரர் டார்ச் பிடித்தார். வால்வுகள் ஒவ்வொன்றாக அமுங்கும்படி எஞ்சினைச் சுழற்ற, நர்ஸம்மா கியரைப் போட்டுவிட்டு வண்டியைப் பின்னாலிருந்து ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகத் தள்ளினார். இன்னும் சாவியைத் தொடவில்லை.

மைக் இல்லை. யாரும் என் பெயரைச் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டியவர் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அதனால் நானே ஆரம்பித்தேன். முதலில் எஞ்சினிடம் பேசுகிற மாதிரிதான் பேசினேன்.

“எட்டு வால்வு இருக்கு. முன்னாலேர்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க. ஒண்ணு முழுசா அமுங்கியிருந்தா எட்டு ஃப்ரீயா இருக்கும், எட்டைச் சரி பண்ணுங்க. ரெண்டு அமுங்கினா ஏழு. மூணு அமுங்கினா ஆறு.”

“ரெண்டையும் கூட்டினா ஒம்பது,” என்றார் நர்ஸம்மா, வண்டிக்குப் பின்னாலிருந்து.

“எப்பவும் ஒம்பதுதான். மறக்கவே மறக்காது.”

“இத்தனை வருஷத்துல இதை யாரும் எனக்குச் சொல்லலயே,” என்றார் பின்னால் நின்ற ஒருவர். சர்க்கரை கம்மி என்றவர்.

“நீங்க கேக்கல,” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்து அல்ல; அவரைப் பார்த்து. அந்த வித்தியாசம் எனக்குக் காதில் தெரியும். தகட்டை உள்ளே விட்டு இழுத்தேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகக் கூடாது, சிக்கவும் கூடாது. ஈரக் கையால் கண்ணாடியைத் தடவினால் ஒரு பிடிப்பு இருக்குமே, அந்த அளவு. தகட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இதைக் கையில் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? வாயால் சொன்னால் புரியாது. காலையில் முக்கால் மணி நேரம் கதை சொன்னாரே, ஒருவர் கையிலாவது அந்தத் தகடு போனதா?

ஐந்து வால்வு முடிந்திருந்தபோது அத்தான் வந்து வண்டியின் மறுபக்கம் நின்றார். கையில் இன்னும் மைக். நான் நிமிரவில்லை. ஆறாவது. ஏழாவது. எட்டாவது வால்வின் நட்டை இறுக்கிவிட்டு, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்தேன்.

“அத்தான், மைக்ல சொன்னீங்க இல்ல, எழுதினது தப்புன்னு. அதை மைக்லயே திருப்பிச் சொல்லுங்க.”

அவர் மைக்கை உயர்த்தினார். விரல் பொத்தானில் இருந்தது. கூரையில் லேசாக ஒரு கீச்சுச் சத்தம்கூட வந்தது. பட்டறையில் இரைந்து இரைந்து பேசுகிற அந்த வாய் ஒரு தரம் திறந்தது. நான் காத்திருந்தேன். ஏழெட்டுப் பேரும் காத்திருந்தார்கள். அக்கா அங்கிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னை அல்ல.

அத்தான் மைக்கை வெள்ளை வண்டியின் பானட்டின் மேல் வைத்தார். உருண்டு விழுந்துவிடாமல் ஒரு கணம் விரலால் பிடித்து நிறுத்தினார். பிறகு நான் போட்ட சுண்ணக்கட்டிக் கட்டங்களுக்கு நடுவே, யார் முகத்தையும் பார்க்காமல், பெரிய கதவைத் தாண்டிப் போய்விட்டார்.